"ஓசி"ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிற்சிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நேரலையைத் தவறவிட்ட தோழர்களுக்காக.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "நலத்திட்டங்கள் மீதான விமர்சனங்களை எதிர்கொள்வது எப்படி". ரொம்பப் பெரிய தலைப்பு. நான் அதுல ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கறேன். குழந்தை இருக்கற குடும்பத்துக்கு அரசாங்கம் செய்யற உதவி. கர்ப்பிணிக்கு உதவித்தொகை, சத்துணவு, காலை உணவு, பெண் குழந்தை பேர்ல டெபாசிட், காலேஜ் போற பிள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூபாய்.

இதுல எதைப் பத்தி போஸ்ட் போட்டாலும் கீழ என்ன கமெண்ட் வரும்னு உங்களுக்கே மனப்பாடம். "எங்க வரிப்பணம்." "ஓசிச் சோறு." "காசு குடுத்தா பெத்துக்கிட்டே இருப்பாங்க." "எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்."

நாம என்ன பண்றோம்? ஒரு மீம் போடறோம். இல்லன்னா அவன் புரொஃபைலுக்குப் போய் அவன் எந்தக் கட்சின்னு கண்டுபிடிச்சுத் திட்டறோம். லைக் வரும், மறுக்கல. ஆனா அந்தக் கமெண்டை மூணாவதா ஒருத்தர் படிச்சிட்டுப் போறார். அவர் எந்தக் கட்சியும் இல்ல. சண்டைக்கு வர மாட்டார். ஆனா அவர் மனசுலயும் அந்தச் சந்தேகம் இருக்கு. நாம பேச வேண்டியது அவர்கிட்ட.

அவர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்லயே இருப்பார். எங்க சித்தப்பாவையே சொல்லலாம். தனியார் கம்பெனி வேலை, வீட்டுக்கு இஎம்ஐ, ரெண்டு பிள்ளைங்களுக்கும் தனியார் ஸ்கூல் ஃபீஸ். ஜூன் மாசம் வந்தாலே அவர் முகம் மாறிடும். "எனக்கு யார் குடுத்தா?" அப்படீன்னு கேக்கறார். அந்தக் கோபம் பொய் இல்ல. அவரைப் போய் "ஏழைங்களுக்கு எதிரி"ன்னு திட்டினா நமக்கு ஒரு ஓட்டு போகும், அவ்வளவுதான் நடக்கும்.

அவர்கிட்ட கணக்கைக் காட்டலாம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், எனக்கு அதுதான் வரும்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல ஒரு ஏழைத் தாய்க்குக் கிடைக்கறது மொத்தம் 18,000 ரூபாய். அதுல 14,000 பணமா, தவணை தவணையா. மிச்சம் 4,000 ரூபாய்க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் ரெண்டு பிரசவத்துக்கு மட்டும். ஒரு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,500 ரூபாய். நூறு நாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போற ஒரு பொண்ணு, வயித்துல ஏழு மாசம் ஆனதும் வேலைக்குப் போகாம வீட்ல இருக்கறதுக்கு நாம குடுக்கற விலை அது.

இப்ப இன்னொரு பக்கம். பழைய வருமான வரி முறையில 80சி பிரிவுல ரெண்டு குழந்தைங்களோட டியூஷன் ஃபீஸைக் கழிச்சுக்கலாம், ஒன்றரை லட்சம் வரம்புக்குள்ள. 30 சதவீத வரி வரம்புல இருக்கறவர் ஒரு லட்சம் ரூபாய் ஃபீஸ் காட்டினா, 30 ஆயிரத்துக்கு மேல அவர் கையில நிக்கும். ஒரே வருஷத்துல. அது அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணம், வரல. யாருக்காக? அவர் குழந்தை படிக்கறதுக்காக.

மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தைகள் கல்விப் படி இருக்கு. ஏழாவது ஊதியக் குழுவுக்கு அப்புறம் ஒரு குழந்தைக்கு மாசம் 2,250 ரூபாய். 2024 ஜனவரியிலேர்ந்து அது 2,812 ரூபாய் 50 காசு. ஒரு குழந்தைக்கு வருஷம் 33,750. ரெண்டு குழந்தை வரைக்கும் உண்டு. நம்ம மாநிலத்துல அரசு வேலையில இருக்கற பெண்களுக்கு 2021 ஜூலையிலேர்ந்து மகப்பேறு விடுப்பு 12 மாசம், முழுச் சம்பளத்தோட. மாசம் 60 ஆயிரம் வாங்கற ஒரு டீச்சருக்கு அது 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகுது.

இதை யாராவது ஓசின்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதுக்குப் பேரே வேற. படி, விலக்கு, விடுப்பு. வரிசையில நிக்க வேண்டாம். பெட்டகத்தைக் கையில குடுத்து யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. அமைதியா பே ஸ்லிப்புல வந்து உக்காந்துக்கும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அந்த டீச்சருக்கு அதைக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. கண்டிப்பா குடுக்கணும். இதை எடுத்துட்டுப் போய் அரசு ஊழியர்களைத் திட்டி கார்டு டிசைன் பண்ணிடாதீங்க தயவுசெஞ்சு. குழந்தை வளர்க்கறது அந்தக் குடும்பத்தோட செலவு மட்டும் இல்லன்னு நம்ம நாட்ல ஏற்கெனவே எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. மாசச் சம்பளக்காரர் விஷயத்துல ஒத்துக்கிட்டோம். கூலிக்காரர் விஷயத்துல மட்டும்தான் ஒத்துக்க மனசு வரல. சித்தப்பாகிட்ட நான் சொன்னது இதைத்தான். அவர் ஒத்துக்கலை. ஆனா 80சி பத்தி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல.

"வரிப்பணம்"னு வரும்போது இன்னொண்ணும் கேளுங்க. வரி யார் கட்டலை? சித்தாள் வேலை செய்யற அக்கா செல்போன் ரீசார்ஜ் பண்ணினா 18 சதவீதம் ஜிஎஸ்டி. என் கம்பெனி எம்.டி. ரீசார்ஜ் பண்ணினாலும் அதே 18.

அடுத்து, "பெத்துக்கிட்டே இருப்பாங்க". இதுக்குக் கோபப்படாதீங்க, தகவலை மட்டும் வைங்க. மகப்பேறு உதவி ரெண்டு பிரசவத்தோட நிக்குது. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துல ஒரு பொண்ணுன்னா 50 ஆயிரம், ரெண்டு பொண்ணுன்னா ஆளுக்கு 25 ஆயிரம் டெபாசிட். அதுவும் பெற்றோர்ல ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு செஞ்சிருந்தாத்தான். 1982லேர்ந்து சத்துணவு போடறோம். 1987லேர்ந்து மகப்பேறு உதவி குடுக்கறோம். இத்தனையும் குடுத்த தமிழ்நாட்ல 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தை 1.8. மக்கள்தொகை அப்படியே நிலையா இருக்கறதுக்கே 2.1 வேணும். இதுக்கு மேல வேற பதில் தேவையில்ல.

சோத்துக்கு வருவோம். 1920ல நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்ப, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு ஆரம்பிச்சாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம செலவுன்னு தீர்மானம். 1956ல காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989ல கலைஞர் அதுல முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர்ல காலை உணவு வந்தது, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போச்சு. இதுல சில பேர் நம்ம பக்கத்துல வர்றது சில தோழர்களுக்குப் பிடிக்காது. பரவாயில்ல. நான் பார்க்கறது ஒரே விஷயம்தான். இந்தக் கட்சிங்க ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவோ திட்டிக்கிட்டாங்க. ஆட்சி மாறினப்ப எத்தனையோ திட்டத்துக்குப் பேர் மாறுச்சு, சிலது மூடுச்சு. சத்துணவுல மட்டும் யாரும் கை வைக்கல. அடுத்தவர் எதையாவது சேர்த்துட்டுத்தான் போனார்.

2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துலயும் சமைச்ச மதிய உணவு குடுக்கணும்னு உத்தரவு போட்டது. நாம ஒரு அணாவுல ஆரம்பிச்சது இந்தியா பூரா பிள்ளைங்களோட சட்ட உரிமை ஆயிடுச்சு. அப்படியும் 2023ல ஒரு நாளிதழ் காலை உணவால பள்ளிக்கூடக் கழிவறை நிரம்பி வழியுதுன்னு முதல் பக்கத்துல எழுதிச்சு. அஞ்சு வயசுப் பிள்ளை சாப்பிடறதை அப்படிப் பார்க்கற கண்ணும் இங்க இருக்கு. ஆனா அன்னிக்கு வந்த எதிர்ப்பையும் பார்த்தீங்க. பல கட்சிக்காரங்களும் அதுல இருந்தாங்க. ஏன்னா காலை உணவுல வருமானச் சான்றிதழ் கிடையாது. கிளாஸ்ல இருக்கற எல்லாப் பிள்ளையும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுது. யாரு ஏழைன்னு தட்டை வெச்சுச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் குடுக்கறதை யாராலயும் கேவலமா பேச முடியறதில்ல.

இதுக்கு வெளிநாட்டு உதாரணம் வேணும்னா நம்ம பசங்களையே கேளுங்க. என் பேட்ச்ல ஜெர்மனி போனவங்க உண்டு, உங்க பேட்ச்லயும் இருப்பாங்க. அங்க கிண்டர்கெல்ட்னு ஒரு தொகை. ஒரு குழந்தைக்கு மாசம் 255 யூரோ, 2025 கணக்கு. டாக்டரா இருந்தாலும் டிரைவரா இருந்தாலும் அதே தொகை. அங்க வேலை பார்த்துக் குழந்தையோட குடியிருக்கற நம்ம ஊர்க்காரருக்கும் உண்டு. அங்க அதை வாங்கிக்கிட்டு, இங்க வந்து "ஃப்ரீபீஸ் கல்ச்சர்"னு கமெண்ட் போடற ஒரு அண்ணனை எனக்கே தெரியும். பேர் சொல்ல மாட்டேன், அவர் இந்த லைவைப் பார்த்தாலும் பார்ப்பார்.

டாஸ்மாக் விஷயம். மகப்பேறு உதவி தாயோட வங்கிக் கணக்குக்குத்தான் போகுது. இந்தச் சண்டை பிரிட்டன்லயும் நடந்திருக்கு. 1945ல குடும்பப் படிக்கான சட்ட மசோதா வந்தப்ப, பணம் அப்பா பேர்லதான்னு எழுதியிருந்தது. எலினார் ராத்போன்னு ஒரு எம்.பி., பல வருஷமா இதுக்காகவே போராடினவங்க, விடாம சண்டை போட்டு அதை அம்மா பேர்ல மாத்த வெச்சாங்க. பிள்ளைக்குன்னு வர்ற பணத்தை யார் கையில குடுக்கணும்னு 80 வருஷம் முன்னாடியே யோசிச்சு வெச்சதுதான் அது. ஆம்பளை குடிக்கறான்னா அது ஆம்பளையோட பிரச்சினை. அதுக்காக அந்தக் குழந்தையோட பாலை நிறுத்தறது என்ன நியாயம்?

இப்ப நம்ம பக்கம். இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, ரெண்டாவது குழந்தைக்கு உண்டா இருந்தப்ப ஒரு தவணை வரல. பிக்மி நம்பர் இருக்கு, ஆதார் இருக்கு, பாஸ்புக் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேட்டா, "சும்மா வர்ற காசுதானேம்மா, வரும்போது வரும்"னு பதில். அக்கா திரும்பி வந்துட்டா. மறுபடி கேக்கவே இல்ல. "அலையறான்னு நினைப்பாங்கடா"ன்னு சொன்னா. அதே அக்காவோட வீட்டுக்காரர் வேலை செய்யற இடத்துல ரெண்டு நாள் சம்பளம் தள்ளிப் போனா, மேனேஜர் ரூமுக்கே போய் நிப்பார்.

"இலவசம்"ங்கற வார்த்தை செய்யற வேலை இதுதான் தோழர்களே. கமெண்ட்ல நாலு பேர் கேலி பண்றதோட நிக்கல அது. வாங்க வேண்டியவங்க வாயை அடைச்சுடுது. தானம்னா லேட்டா வந்தாலும் கேக்க முடியாது, குறைச்சு வந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கணும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013லயே கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாம குடுக்கணும்னு எழுதி வெச்சிருக்கு. சட்டத்துல எழுதினதைக் கேக்கறதுக்கு எங்க அக்கா கூச்சப்படறா.

அந்தக் கூச்சத்துக்கு நம்ம கார்டுகளும் காரணம். "அள்ளி வழங்கினார்", "வாரி வழங்கிய வள்ளல்", "தாய்மார்கள் கண்ணீர் மல்க நன்றி". போன மாசம் நம்ம குரூப்ல வந்த டிசைன்களை எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல இந்த வார்த்தைதான். வள்ளல்னு நாமளே எழுதிட்டு, அடுத்தவன் பிச்சைன்னு சொன்னா ஏன் கோபம் வருது? ரெண்டும் ஒரே நாணயம்தானே. தலைவர் படம் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கற பொண்ணு முகத்தை குளோசப்ல போடாதீங்க. உங்க அக்காவா இருந்தா போடுவீங்களா?

அதனால இந்த மாசத்துலேர்ந்து மூணு வேலை. எந்தத் திட்டம்னாலும் கார்டுல தகுதி என்ன, எவ்வளவு, எத்தனை தவணை, வரலைன்னா யாரைக் கேக்கணும்னு நாலு வரி கட்டாயம் இருக்கணும். முதல்வர் உதவி எண் 1100 அதுலயே வரட்டும். ரெண்டாவது, ஒவ்வொரு வார்டுலயும் தவணை நின்னு போன தாய்மார் யார் யார்னு கேட்டு ஒரு ஷீட் போடுங்க. டெம்ப்ளேட் குரூப்ல அனுப்பறேன். விண்ணப்பிக்காமலே விட்டவங்களையும் சேருங்க, "எனக்கெதுக்கு"ன்னு விட்டவங்க நாம நினைக்கறதை விட நிறைய பேர். மூணாவது, யாராவது கமெண்ட்ல "எனக்குப் பணம் வரல"ன்னு எழுதினா, எதிர்க்கட்சி ஐடின்னு முடிவு பண்ணி பிளாக் பண்ணாதீங்க. இன்பாக்ஸ்ல கூப்பிட்டு விவரம் வாங்குங்க. ஆதார் நம்பர், பேங்க் விவரம் எதையும் கமெண்ட்ல போட விடாதீங்க, போட்டிருந்தா உடனே அழிச்சுடச் சொல்லுங்க.

எங்க அக்கா தவணை இன்னும் வரல. ஷீட்ல முதல் வரி அதுதான். கேள்வி இருக்கறவங்க அன்மியூட் பண்ணிக்கலாம்.