வேடம் யாருக்கு?



ஒரு நாடகம் அரங்கேறுவதற்கு முன்பே அந்நாடகத்தைப் பற்றிய போர் தொடங்கிவிடுவதுண்டு. கதை யாது, பாட்டு எத்தகையது என்பனவெல்லாம் பின்னர் வரும் கேள்விகள். "இந்த வேடத்தை ஏற்பவர் யார்?" என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை வெளிவந்த மறுகணமே நாடு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. காலையில் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலேறித் தாம்பரத்துக்கும் அதற்கப்பாலும் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள், வண்டி தாம்பரத்தை எட்டுவதற்குள் அத்தகைய வழக்கொன்றை விசாரித்துத் தீர்ப்பும் கூறி முடித்துவிடுகிறார்கள். முன்பு வெற்றி பெற்ற ஒரு கதையின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றாலோ, விசாரணை இன்னும் கடுமையாகிறது. முதற்பாகத்தில் கண்டு பழகிய முகம் மாறக்கூடாது என்பார் சிலர்; மாறினால்தான் நலம் என்பார் வேறு சிலர்.

இஃது இக்காலத்து விந்தை என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டு இசை நாடகத்தின் வரலாறே ஒருவகையில் இந்த வழக்கின் வரலாறுதான்.

'ஸ்பெஷல் நாடகம்' என்று வழங்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிலையான குழு என்பது இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே ஒப்பந்தமாகி வருவார்கள். ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் 'கோவல'னும் எல்லாருக்கும் பாடம். ஆதலால் கதையை அறிந்துகொள்ள எவரும் கொட்டகைக்குப் போவதில்லை. இன்று முருகனாக வருபவர் யார், அவருக்கு எதிர்நின்று தர்க்கம் பாடும் வள்ளி யார் என்பதற்காகவே போவார்கள். சுவரில் ஒட்டிய விளம்பரத்தாளில் பெயர்களைக் கண்டவுடனேயே வாதம் பிறந்துவிடும். அந்தப் பெயர்ப்பட்டியலே பாதி நாடகம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடத்திய பாலர் குழுவில் இதற்கு வேறொரு முகம் இருந்தது. அங்கே அரசனும் சிறுவன், அரசியும் சிறுவன். வேடம் யாருக்கு என்பதை முடிவு செய்தது குரல். இன்று பெண் வேடத்தில் பாடிச் சபையைக் கட்டிப்போடும் சிறுவனுக்கு நாளை மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், வேடம் மற்றொருவனுக்குப் போய்விடும். பழைய குரலின் இனிமையில் தோய்ந்திருந்த சபையோர் புதியவனை எளிதில் ஒப்புக்கொள்வார்களா? ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், உதடு பிதுக்குவார்கள். வேடத்தை இழந்தவன் செய்த பிழை யாதொன்றும் இல்லை, வளர்ந்தான், அவ்வளவே. புதிதாக ஏற்றவன் செய்த பிழையும் யாதொன்றும் இல்லை. ஆயினும் இருவர் நெஞ்சிலும் அந்த உதட்டுப் பிதுக்கம் தைத்திருக்கும். இரசிகரின் விருப்பும் வெறுப்பும் வெறும் பொழுதுபோக்கல்ல என்பதை இங்கே நாம் உணர்கிறோம். அது மற்றொருவரின் வாழ்வைத் தொடுகிறது.

ஊரப்பாக்கத்துக்கு வடக்கே, பல்லாவரத்தை அடுத்திருக்கும் பம்மல் என்ற ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு புகழடைந்தவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891-இல் தோன்றிய சுகுண விலாச சபையில், கற்றவர்களும் வழக்கறிஞர்களும் மேடையேறி நடிப்பது இழிவன்று என்று அவர் நிலைநாட்டினார். அவர் கதாநாயகனாக நடித்தபோது, கதாநாயகியாகப் பல்லாண்டுகள் உடன் நடித்தவர் அவருடைய நண்பர் ரங்கவடிவேலு. ஆடவராகிய அவரையே முதலியாருக்கு ஏற்ற நாயகியாக அக்காலத்துச் சபையோர் கண்டனர். அந்த நண்பரின் மறைவை முதலியார் தம் நாடக மேடை நினைவுகளில் உருகி எழுதியிருக்கிறார். பார்ப்பவருக்கு மட்டுமன்று, நடிப்பவருக்கும் சில இணைகள் மாற்ற முடியாதவை.

மாற்ற முடியாத இணை என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவோர் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஆவர். செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் கிட்டப்பா. கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் சுந்தராம்பாள். இலங்கையில் மேடையில் இணைந்த அவ்விருவரும் வாழ்விலும் இணைந்தனர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவனுக்கும் தெளிவாகக் கேட்ட குரல்கள் அவை. 1933 டிசம்பரில், தமது 28-ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் வெள்ளை உடை பூண்டார். ஆடவருக்கு இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார்.

இந்நிலையில்தான் 1935-இல் 'பக்த நந்தனார்' பேசும்படம் வந்தது. ஆண்டையிடம் அடிமைப்பட்டு, தில்லையைக் காண ஏங்கிய நந்தனாராக நடிப்பவர் கே. பி. சுந்தராம்பாள்! ஆடவர் வேடம், ஆகவே எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதாகாது. ஊதியமோ ஓர் இலட்சம் ரூபாய். கேட்டவர் திகைத்துத் திரும்பிப் போகட்டும் என்றே அவர் அத்தொகையைச் சொன்னார் என்றும், படம் எடுப்போர் அதற்கும் இசைந்துவிட்டனர் என்றும் கூறுவர். வேதியராக நடித்தவர் கருநாடக சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

இந்தத் தேர்வில் அடங்கியிருந்த புதுமைகளை எண்ணிப் பாருங்கள். பெண் ஆணாகிறாள்; மேடை நடிகை நந்தனார் என்னும் அடியவராகிறாள்; சபைகளில் போற்றப்படும் வித்துவான், கதையின் முடிவில் நந்தனின் பெருமையை உணர்ந்து பணியவேண்டிய வேதியராகிறார். சாதி ஏற்றத்தாழ்வு ஊறிக்கிடந்த அக்காலச் சமுதாயத்தில், மேடைமீது யார் யாரைப் பணிவது என்பது வெறும் நடிப்பாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. நந்தன் கதை கேட்டுக் கண்ணீர் சிந்துவது எளிது. நந்தனுக்கு முன் தலைதாழ்த்துவதுதான் அரிது.

படம் வெளிவந்தது. எழுந்த எதிர்பார்ப்புக்கேற்ற வெற்றி அதற்குக் கிட்டவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதனைக் கடுமையாக விமரிசித்தார்; மரமும் விலங்குகளுமே மனிதரினும் நன்றாக நடித்திருக்கின்றன என்னும் பொருள்பட எள்ளி நகையாடினார். பின்னர் 1942-இல் ஜெமினி நிறுவனம் அதே கதையை எடுத்தபோது, நந்தனாராக நடித்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர். தேவாரப் பண்ணிசையில் வளர்ந்த குரல் அவருடையது. அந்த நந்தனாரை மக்கள் மனமுவந்து ஏற்றனர்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சுந்தராம்பாளுக்கு அவ்வேடத்தைத் தந்ததே தவறு என்பதா? அன்று. கல்கி செய்தது விமரிசனம். அவர் கொட்டகைக்குச் சென்றார், பார்த்தார், கேட்டார், தம் கருத்தை எழுதினார். அவரது நகைப்பு கடுமையானது எனலாம். ஆனால் அது பார்த்தபின் பிறந்த நகைப்பு. பாராமலே பழிப்பதற்கும் பார்த்தபின் பழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கருத்தில் இருத்தல் வேண்டும்.

இந்தக் கதைக்கு நேர் எதிரானது ஔவையாரின் கதை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுவில் பயின்று வளர்ந்த டி. கே. சண்முகம், 1942-இல் தம் முப்பதாம் வயதில் 'ஔவையார்' நாடகத்தில் ஔவையாக நடித்தார். முப்பது வயது ஆடவர் கூன் விழுந்த மூதாட்டியானார். அந்த வேடம் அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 'ஔவை சண்முகம்' என்றே நாடு அவரை அழைத்தது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஒரு சாலையே இருக்கிறது. 1953-இல் ஜெமினி நிறுவனம் ஔவையார் கதையைப் படமாக்கியபோது, அவ்வேடம் சுந்தராம்பாளைச் சேர்ந்தது. மேடையில் ஓர் ஔவை. திரையில் ஓர் ஔவை. ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஒன்று மற்றொன்றை அழித்துவிட்டதா? இல்லை. இரண்டும் தமிழர் நெஞ்சில் அருகருகே இடம் பெற்றன. வேடம் என்பது ஒருவருக்கே பட்டா எழுதிக் கொடுத்த நிலமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, தொடர்கதைக்கு வருவோம். ஒரு நூலின் கதையை அடுத்த நூல் தொடர்ந்து செல்வது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சி மணிமேகலை. கோவலன் கதை மேடையெங்கும் பாடப்பட்ட நாட்டில், அவன் மகளின் கதை 1940-இல் படமாயிற்று. மணிமேகலையாக நடித்தவரும் சுந்தராம்பாளே. இளமையும் அழகும் துறந்து அமுதசுரபி ஏந்திய பாத்திரத்துக்கும், வெள்ளை உடையில் வாழ்ந்த அந்த அம்மையாருக்கும் இருந்த ஒப்புமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் அவரே கவுந்தியடிகளாக வந்தார். மகளின் கதையில் துறவியாக இருந்தவர், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பெற்றோரின் கதையில் வழித்துணைத் துறவியானார்.

மேல்நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. 1986-இல் இலண்டனில் அரங்கேறிய 'தி பேண்டம் ஆஃப் தி ஓபரா' என்னும் இசை நாடகம் உலகப் புகழ் பெற்றது. அதன் முகமூடி நாயகனாக மைக்கேல் கிராஃபோர்டு நடிப்பார் என்ற செய்தி வந்தபோது வியந்தோர் பலர். ஏனெனில் அவரைத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகராகவே அவர்கள் அறிந்திருந்தனர். அரங்கேறிய பின்னரோ, அவ்வேடத்துக்கு அவர்தாம் அளவுகோல் ஆனார். அந்நாடகத்தின் தொடர்ச்சியாக 2010-இல் 'லவ் நெவர் டைஸ்' இலண்டனிலேயே அரங்கேறியபோது, பழைய நாடகத்தில் காதல்கொண்ட இரசிகர்கள் அணிதிரண்டு எதிர்த்தனர். அதன் நாயகன் ராமின் கரீம்லூ, நாயகி சியரா பாகெஸ்; இருவரும் முதல் நாடகத்தில் அதே வேடங்களை முன்பே தாங்கியவர்கள். பழகிய முகங்களைத் தந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2011-இல் அந்நாடகம் இலண்டனில் நிறைவுற்றது. அதே ஆண்டில், முதல் நாடகத்தின் 25-ஆம் ஆண்டு விழாவில் அதே இருவரும் பாடினார்கள், இரசிகர்கள் ஆரவாரித்தனர். ஆக, சினம் நடிகர்மேல் அன்று. தாம் நேசித்த கதையின் முடிவைப் பிறர் மாற்றிவிட்டனரே என்பதே சினம்.

இப்போது எதிர்ப்பின் வேரை ஆராய்வோம். என் கருத்தில் அது மூவகைப்படும்.

முதலாவது, நினைவின் எதிர்ப்பு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர் மனத்தில், ஓவியர் மணியம் தீட்டிய வந்தியத்தேவனும் குந்தவையும் வாழ்கிறார்கள். 1999-இல் அக்கதை சென்னையில் மேடையேறிய போதும், 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு பாகப் படமாக வந்தபோதும், ஒவ்வொரு வாசகரும் தம் மனச்சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடிகரை நோக்கினார்கள். இந்த எதிர்ப்பு அன்பில் பிறந்தது, மன்னிக்கத்தக்கது. இரண்டாவது, தகுதி பற்றிய எதிர்ப்பு. பாட்டறியாதவரை இசை நாடகத்தில் நிறுத்தினால் கேட்பவர் குறை சொல்லத்தான் வேண்டும். இது கலைக்கு உரம். மூன்றாவது, வேற்றுமையின் எதிர்ப்பு. இவர் பெண், இவர் இன்ன சாதி, இவர் நிறம் இத்தகையது, இவர் வேற்று மொழியினர் என்று தொடங்கும் எதிர்ப்பு இது. பெரும்பாலும் முதலிரண்டின் ஆடையை உடுத்திக்கொண்டு இது வருவதால், நாம் ஏமாந்துவிடுகிறோம். "வேடப் பொருத்தம் இல்லை" என்று நம் வாய் சொல்லும்போது, நெஞ்சு எதைச் சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம்.

மாணவர்களே, உங்கள் கல்லூரி ஆண்டுவிழா நாடகத்திலும் இக்கேள்வி எழும். பட்டியல் ஒட்டப்பட்டவுடன், நாயகன் வேடம் கிடைத்தவனின் உயரத்தையும் நிறத்தையும் பேச்சையும் எடைபோட்டு நகைக்க நாலு பேர் கூடுவார்கள். அப்போது மேடைக்குப் பின்னே, முகத்தில் அரிதாரம் பூசப்படாமலே வியர்த்து நிற்கும் அந்த மாணவனை எண்ணிக்கொள்ளுங்கள். நகைப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை திரை எழுந்த பிறகே தொடங்குகிறது. அவன் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். நன்றாயிருந்தால் 'ஒன்ஸ்மோர்' கேளுங்கள். நன்றாயில்லையெனில், எது நன்றாயில்லை என்று அவனிடமே சொல்லுங்கள். நல்ல இரசிகனுக்கு இலக்கணம் அதுவே.