எண்ணிக்கை சரி, இரத்தம் ஏன் நிற்கவில்லை?



மாரி மழை இறங்கினால் யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விலையோடு இன்னொரு கணக்கும் பேசப்படும். "பிள்ளைக்குப் பிளேற்லெற் எவ்வளவாம்?" 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். டெங்கில் குறையும் பிளேற்லெற், அதாவது குருதிச் சிறுதட்டு, என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்படித்தான். ஒரு மைக்ரோலீற்றரில் 150,000 முதல் 450,000 வரை இருக்கவேண்டும் என்பது பலருக்கு மனப்பாடம். ஆனால் அந்த எண் மட்டும் போதாது. பிள்ளைகளின் விஷயத்தில் அதை அறிந்திருப்பது மிக அவசியம்.

எண் குறைவாக வந்தால் முதலில் அது உண்மையா என்று பார்க்கவேண்டும். அழுது திமிறும் குழந்தையிடம் மெல்ல மெல்ல இரத்தம் எடுக்கும்போது குழாய்க்குள்ளேயே சின்னக் கட்டிகள் விழக்கூடும். ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தே சிலரின் சிறுதட்டுகளைத் திரளவைத்துவிடும். இயந்திரம் அந்தத் திரள்களைச் சிறுதட்டாக எண்ணாது. அதனால்தான் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். திரள்கள் தெரிந்தால் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணுவார்கள்.

அதே தகடு வேறொரு பயத்தையும் தீர்க்கும். வைரஸ் காய்ச்சல் மாறிச் சில வாரங்களில், ஓடியாடித் திரியும் பிள்ளையின் காலில் செம்புள்ளிகளும் கண்டல்களும் தோன்றுவதுண்டு. எண்ணிக்கை 20,000க்கும் கீழே போயிருக்கும். இரத்தப் புற்றுநோயோ என்று பெற்றோர் கலங்குவார்கள். தகட்டில் வெண்கலங்களும் செங்கலங்களும் ஒழுங்காக இருந்தால், பெரும்பாலும் அது நோயெதிர்ப்புச் சக்தியே சிறுதட்டுகளை அழிக்கும் ஐ.ரி.பி. என்ற நிலைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இரத்தம் நிற்காத பிள்ளைகளும் உண்டு. சுவிஸ் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மான் 1918இல் விவரித்த நோயில், சிறுதட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டிய புரதம் குறைபட்டிருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் நோய் வெளிப்படும். ஆகவே சொந்தத்துக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் இது கூடுதல். தென்னிந்தியாவில் 40 குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் ஒரு மரபணு ஆய்வு வெளியானது.

இதைக் கண்டுபிடிக்கும் வழியை 1962இல் லண்டனில் குஸ்தாவ் போர்ன் காட்டினார். சிறுதட்டுகள் நிறைந்த கலங்கிய திரவத்துக்கூடாக ஒளியைச் செலுத்தினார். அவை திரளத் திரளத் திரவம் தெளிந்தது. அந்தத் தெளிவை அளந்தார். இன்றும் அதே முறைதான். இரத்தம் எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும், ஐஸ் பெட்டியில் வைக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தத்தை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்புக்கு அனுப்பிப் பயனில்லை. ஆய்வுகூடம் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையே போகவேண்டும்.

மருதனார்மடத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி இங்கேதான் இருக்கிறது. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் இப்படியான இரத்தப்போக்கு நோய்கள் முதலில் வெளிப்படுவது பல வேளைகளில் மாதவிடாயில்தான். 1926இல் பின்லாந்து வைத்தியர் எரிக் ஃபொன் வில்லிபிராண்ட், ஓலண்ட் தீவுக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதினார். அவர் பார்த்த சிறுமி 13 வயதில், நாலாவது மாதவிடாயில், இரத்தப்போக்காலேயே இறந்துபோனாள். சிறுதட்டுகளைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதம் குறையும் அந்த நோய்க்கு இன்று அவருடைய பெயர்தான்.

சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுத்துக் கொண்டாடுகிற வீடுகள், அதற்குப் பின்னான மாதங்களிலும் பிள்ளையிடம் கேட்கவேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துணி மாற்றவேண்டி வருகிறதா? "எனக்கும் இப்பிடித்தான் இருந்தது" என்று அம்மம்மா சொன்னால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பல்லுப் பிடுங்கியபோது, மூக்கால் இரத்தம் வடிந்தபோது எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் ஒரு சிறுதட்டை அதன் ஆயுள் முழுக்க, ஏழு முதல் பத்து நாள் வரை, முடக்கிவிடும். அதனால் குடித்த மருந்துகளின் பெயரைப் பரிசோதனைக்கு முன்பே தெரிவிக்கவேண்டும். காரணம் தெரிந்தபின் வைத்தியர் தரும் டிரனெக்சாமிக் அமிலக் குளிசையால் பல பெண்பிள்ளைகளுக்கு இரத்தப்போக்கு குறைகிறது.