திரும்பி வந்தவன் பேசணும்

(சிதம்பரத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கடலூரில் வங்கி எழுத்தர். கவிதையும் எழுதுகிறவன். இன்னிக்குக் கவிதை பேசப் போறதில்லை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததைப் பேசுறேன்.

நம்ம பையன்கள் துபாய், சவூதி, மலேசியான்னு போறாங்க. அம்மாவோட கம்மல், தங்கச்சிக்குச் சேர்த்த சங்கிலி எல்லாம் அடகுக்கு வருது. சில பேர் வீடு கட்டுறாங்க. சில பேர் எட்டே மாசத்தில் வெறுங்கையோட வந்துடுறாங்க. இங்கே சொன்ன வேலை ஒண்ணு, அங்கே கொடுத்த வேலை வேற. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சிக்கிட்டான். ஆனா "என்னாச்சுடா தம்பி"ன்னு கேட்டா, "தண்ணி ஒத்துக்கலண்ணே" என்கிறான். ஊர் சிரிக்கும், சேரியும் சிரிக்கும் என்கிற பயம். அவன் வாயை மூடிக்கிட்டதால, அதே தெருவிலிருந்து அடுத்த பையன் அதே ஏஜெண்டிடம் போய்ப் பணம் கட்டுறான்.

நமக்கு முன்னால கடல் கடந்தவர்கள் இப்படி வாயை மூடிக்கிட்டாங்களா?

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். 1900 வாக்கில் லண்டன் போய் நம் மக்களுக்காகப் பேசணும்னு கிளம்பினார். போய்ச் சேர முடியலை. பயணம் தென்னாப்பிரிக்காவில் நின்னு போச்சு. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. சாமானியன் சொல்லும் வார்த்தை எப்படிச் சட்டத்தின் வார்த்தையாகுதுன்னு வருஷக்கணக்கில் பார்த்தவர் அவர். திரும்பி வந்து, 1923இல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். பொதுப் பாதையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டு வந்தார். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார், பக்கத்தில் அம்பேத்கர். முப்பது வருஷம் தள்ளிப் போன பயணம் அது. தன் கதையை 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று அச்சிட்டும் வைத்தார்.

அம்பேத்கருக்கு 1917இல் லண்டனில் படிப்பு பாதியில் நின்றது. பரோடா அரசு கொடுத்த உதவித்தொகையின் காலம் முடிஞ்சு போச்சு. அவர் ஒரு கப்பலில் வந்தார், புத்தகங்களும் சாமான்களும் வேறொரு கப்பலில். உலகப் போர் நேரம். சாமான் வந்த கப்பலை டார்பிடோவால் மூழ்கடிச்சிட்டாங்க. அதுக்கு நஷ்டஈடு கிடைச்சது. அந்தப் பணத்தோட பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோட ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. கடலில் மூழ்கியதற்கு நஷ்டஈடு கேட்க ஒரு இடம் இருந்தது. பரோடாவில் போனதற்கு எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது?

அவர் அதை மறைக்கலை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று எழுதி வைத்தார். ஐரோப்பா, அமெரிக்கா வாசத்தில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே மறந்து போனதையும், பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அது ஞாபகம் வந்ததையும் அதில் சொல்கிறார். அவர் மறைந்த பிறகு, 1990இல் அது சிறு நூலாக வந்தது. படிப்பையும் விடலை. 1920இல் திரும்ப லண்டன் போய், 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் ரூபாயின் பிரச்சினை. வங்கிக்காரனான எனக்கு இதில் தனிச் சந்தோஷம்.

அவமானம் நமக்கு இல்லை தோழர்களே, ஏமாத்தினவனுக்கு. அதை வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்தவனுக்குப் பாடம். சொல்லாவிட்டால் வெறும் கடன்.

ஆகவே ஒரு வேலை சொல்றேன். லீவுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பண்ருட்டி எங்கே போனாலும் திரும்பி வந்தவரோட திண்ணையில் உட்காருங்க. என்ன வேலை சொன்னாங்க, என்ன கொடுத்தாங்க, எவ்வளவு கட்டினார், யார் உதவினாங்கன்னு கேட்டு எழுதுங்க. பேர் வேணாம்னா பேர் வேணாம்.

போகப் போறவனுக்கும் சொல்லுங்க. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் அனுப்பும் ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்திருக்கணும். பதிவு எண்ணைக் கேள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்துன்னு அதிலேயே அச்சடிச்சிருக்கு. முதலாளி பிடுங்கினால் தூதரகத்துக்குச் சொல். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒண்ணு வை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாங்க. எல்லாரும் சேர்ந்து படிப்போம்.