படுக்கைப்புண்ணை எண்ணிய தாதி



தாதியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகளாகிய எங்களிடம், முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். அன்பு, பொறுமை, தியாகம் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம். அவை இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் அவை எல்லாம் இருந்தும் ஒரு முதியவரின் முதுகு புண்ணாகலாம் என்பதை விடுதிகளில் கண்டவர்கள் நாங்கள். ஆகவே டொரீன் நோர்ட்டன் என்ற ஆங்கிலேயத் தாதியின் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டோம்.

அந்நாளில் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. சடங்கு என்றே சொல்லலாம். தாதியர் குறித்த நேரத்துக்குக் கட்டில் கட்டிலாகப் போய், படுத்திருப்பவர்களின் முதுகையும் இடுப்பையும் குதிக்காலையும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு ஸ்பிரிட், அதன்மேல் பவுடர். அப்படியிருந்தும் புண் வந்தால் பழி தாதியின் தலையில். படுக்கைப்புண்ணுக்குப் பொதுவாக நோய் காரணமல்ல, பராமரிப்பே காரணம் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே எழுதிவைத்திருந்தார். நல்ல நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனால், பழி விழும் இடத்தில் புண்களை எண்ணிக் கணக்குக் காட்ட யார் முன்வருவார்?

நோர்ட்டன் எண்ணினார். இலண்டனில், றோடா மக்லேரன், முதியோர் மருத்துவர் எக்ஸ்ரன் சிமித் ஆகியோருடன் சேர்ந்து, வைத்தியசாலைக்கு வந்த 250 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புண் வந்தது. அவர்களுள் பெரும்பாலானோருக்கு அது வந்தது, சேர்க்கப்பட்ட முதல் இரண்டு வாரங்களுக்குள். நெடுங்காலம் கிடந்தால்தான் புண் வரும் என்று எண்ணியிருப்போருக்கு இது புதுச் செய்தி. எதைப் பூசினார்கள் என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. அழுத்தத்தை அகற்றியதே தந்தது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கும்போது இரத்தம் அங்கே போகாது. இரத்தம் போகாத தசைக்குப் பவுடர் என்ன செய்யும்? ஆளைப் புரட்டவேண்டும். ஆபத்து மிகுந்தவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை.

ஆபத்து யாருக்கு என்று முன்கூட்டியே அறிய ஐந்து கேள்விகளை வைத்தார். உடல்நிலை எப்படி? மனம் தெளிவாக இருக்கிறதா? நடமாட்டம் எவ்வளவு? கை கால்களைத் தானாக அசைக்க முடிகிறதா? மலசலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் குறைவோ என்றால் இன்றிலிருந்தே புரட்டத் தொடங்கவேண்டும். கருவி வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டாம். கட்டிலருகே நிற்பவர் கண்ணால் பார்த்துப் போடும் புள்ளி அது. 1962 இல் இந்த ஆய்வு வெளியானது. பின்னாளில் அவர் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் முதியோர் தாதியப் பேராசிரியராகவும் இருந்தார். மலசலம் துடைக்கிற வேலை என்று எங்கள் ஊரில் முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்வதுண்டு.

குறையும் உண்டு. அந்த ஐந்தில் உணவு இல்லை. 1987 இல் பிரேடன், பேர்க்ஸ்ரொம் என்ற இரு அமெரிக்கத் தாதியர் வெளியிட்ட அளவுகோலில் ஊட்டமும், படுக்கையில் இழுபடுவதால் தோல் உராய்வதும் இடம்பெற்றன. ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நோர்ட்டனின் ஐந்தும் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம்: விரலால் அமர்த்தியும் மறையாத சிவப்புத்தான் முதல் அறிகுறி என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் நிறத்தில் சிவப்பு இலேசில் தெரியாது. தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ கல்லுப்போலவோ இருந்தால் எச்சரிக்கை. அதைத் தேய்க்கவும் கூடாது.

சகோதரிகளே, எம்முள் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும். அம்மா ஊரில், சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பிள்ளையின் கையில். தொலைபேசியில் “அம்மா சாப்பிட்டவவோ, மருந்து குடுத்தனீங்களோ” என்று கேட்கிறோம். “கடைசியாக எத்தனை மணிக்குப் புரட்டினனீங்கள், குதிக்கால் எப்படி இருக்கு” என்றும் கேட்கவேண்டும். காற்று மெத்தை வாங்கிக் கொடுத்தாயிற்று என்று இருந்துவிட முடியாது. மெத்தை உதவும், புரட்டும் வேலையைச் செய்யாது. அந்தப் பிள்ளையையும் நினைக்கவேண்டும். பகல் முழுவதும் வேலை செய்த ஒருத்தி, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பித் தன்னந்தனியே ஒரு பெரிய ஆளைப் புரட்டுவது எத்தனை நாளைக்கு? வைத்தியசாலையில் அதை முறைமாற்றித்தான் செய்கிறோம். அனுப்பும் காசில் இரவுக்கு இன்னொருவரை வைக்க முடியுமானால், வேறு எந்தச் செலவுக்கும் முன் அதைச் செய்யுங்கள்.

ஐந்து கேள்விகளையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, மண்டப வாசலிலுள்ள மேசையில் வைத்திருக்கிறோம். மறுபக்கத்தில் நேரமும், இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டலாம். போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.