எதை விடமாட்டேன்?



நர்சிங் டிப்ளமோ படிக்கும்போது, 'உங்கள் அடிப்படை விழுமியங்கள் எவை?' என்று கேட்டார்கள். அன்பு, நேர்மை, சேவை என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

பின்னாளில் டாக்டர் மேரி ரட்ணம் பற்றி வாசித்தேன். நம் ஒன்டாரியோவில் பிறந்தவர். 1896இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் போனார். தமிழரை மணந்திருந்ததை அங்கிருந்த மிஷனரிகள் ஏற்கவில்லை; வேலை போயிற்று. அவர் கணவரையும் விடவில்லை, இலங்கையையும் விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார்.

என் பட்டியலுக்காக நான் எதையும் இழக்கவில்லை. ஆள் குறைந்த ஓர் இரவில், பயந்துபோன முதியவர் கையை நீட்டினார். 'வருகிறேன் ஐயா' என்று நழுவினேன். அன்றுதான் என்னை அறிந்தேன். இப்போது உட்காருகிறேன், வீட்டுக்குப் போகத் தாமதமாகிறது, பரவாயில்லை.

எதை இழந்தாலும் எதை விடமாட்டீர்கள்? யோசியுங்கள்.