வோஷிங் மெசினுக்குக் கீழே பீடம் தேவையா?

(ஸ்காபரோவில் நடந்த புதிதாக வந்தோர் சந்திப்பில், வீட்டு மெசின்கள் பொருத்தும் வேலை செய்த எமது தொண்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போனமுறை சந்திப்பு முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க ஒரு தங்கச்சி கேட்டா: "அண்ணா, நாங்கள் இருக்கிற பேஸ்மென்டில மெசின் நிலத்தோட கிடக்குது. குனிஞ்சு குனிஞ்சு நாரி விட்டுப் போச்சு. அதுக்குக் கீழ வைக்கிற பெட்டி ஒண்டு கடையில இருக்காம், வாங்கலாமோ?" அண்டைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இன்றைக்கு முழுதாகச் சொல்கிறேன். பதினாலு வருசம் மெசின் ஏற்றி இறக்கிப் பொருத்தினவன் நான், என் நாரியும் சாட்சி.

அந்தப் பெட்டிக்குப் பெடஸ்டல் என்று பெயர். தகட்டால் செய்த பீடம், உயரம் பெரும்பாலும் 12 முதல் 15 அங்குலம், முன்பக்கத்தில் ஒரு லாச்சி. முன்பக்கம் கதவுள்ள மெசினுக்கும் ட்ரையருக்கும்தான் அது. மேலே மூடி திறக்கிற மெசினை அதில் ஏற்றினால் அடியில் கிடக்கிற உடுப்பு கைக்கு எட்டாது. ட்ரையரை மெசினுக்கு மேலே அடுக்கியிருந்தாலும் வேண்டாம், பொத்தான் அமத்த ஏணி தேடுவீர்கள். இன்னுமொன்று, பீடம் இல்லாவிட்டாலும் மெசின் நல்லாகத்தான் ஓடும். பீடம் மிச்சப்படுத்துவது உங்களுடைய நாரியை மட்டும்.

புதிதாக வாங்கினால் ஒன்றே 300 டொலருக்கு மேலே போகும், வரி வேறு. மெசினுக்கு ஒன்று, ட்ரையருக்கு ஒன்று என்றால் இரண்டு மடங்கு. ஒன்ராறியோ வேர்க்ஸ் காசில் மாதத்தை ஓட்டுகிற குடும்பம் இதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதுதான் என்னுடைய எண்ணம். ஊரில் பலகைக்கட்டையில் இருந்து எத்தனை வேலை செய்தோம்? அதுபோல ஒரு சின்ன முக்காலியை மெசினுக்கு முன்னால் போட்டு, இருந்தபடி உடுப்பை எடுங்கோ. கூடையை நிலத்தில் வைக்காமல் ஒரு கதிரையில் வையுங்கோ. முக்கால்வாசிப் பேருக்கு இது போதும். பிள்ளை பெற்று வந்தவர்கள், நாரியில் பழைய அடி உள்ளவர்கள், முழங்கால் மடக்க ஏலாதவர்கள், இவர்களுக்குப் பீடம் உண்மையில் உதவிதான்.

சரி, வாங்குவது என்று முடிவெடுத்தால் முதல் வேலை வீட்டுக்காரரைக் கேட்பது. மெசின் அவருடையது. வாயால் கேட்டாலும் பிறகு ஒரு டெக்ஸ்ட் அனுப்பி, வந்த பதிலை அழிக்காமல் வையுங்கோ. வீட்டோடு தந்த மெசின் பழுதானால் திருத்துவது 2006ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி அவருடைய பொறுப்பு. எங்களுடைய கவனயீனத்தால் உடைந்தால் அது எங்கள் தலையில். வீட்டுக்காரரோடு ஒரே குசினி அல்லது ஒரே குளியலறை பாவிக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சிலர் பயப்படுகிறார்கள், பழுது என்று முறையிட்டால் அகதிக் கேசுக்குப் பாதகம் வருமென்று. வாடகைப் பிணக்கைப் பார்ப்பது மாகாணத்துச் சபை. உங்கள் கேசை விசாரிப்பது மத்திய அரசின் குடிவரவு அகதிகள் சபை. அது வேறு, இது வேறு.

அடுத்தது பொருத்தம். ஒரு கொம்பனியின் பீடம் இன்னொரு கொம்பனியின் மெசினுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதே கொம்பனியில்கூட எல்லா மொடலுக்கும் பொருந்தாது. இரண்டுமே 27 அங்குல அகலம் என்று விற்கிறவர் சொல்லுவார். அகலம் சரிதான், போல்ட் ஓட்டை நேர் வராது. மெசின் கதவைத் திறந்தால் விளிம்பில் மொடல் நம்பர் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ. பழையதாக வாங்கினால் அடித்தகடு கறள் பிடித்திருக்கிறதா, பூட்டுகிற போல்ட்டுகள் கூடவே இருக்கிறதா என்று பாருங்கோ. போல்ட் இல்லாத பீடம் சும்மா தந்தாலும் வேண்டாம். பேஸ்மென்டில் இன்னொன்றும் உண்டு. மெசினுக்கு மேலே தட்டோ தாழ்வான குழாயோ இருந்தால், 15 அங்குலம் உயர்ந்த பிறகு இடம் மிஞ்சுமா என்று அளந்து பாருங்கோ.

சீமெந்துக் கல்லு அடுக்கி அதற்கு மேலே மெசினை வைக்கவே வேண்டாம். முன்கதவு மெசின் 90 கிலோவுக்குக் கிட்ட வரும். பிழியும்போது நிமிசத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுத்தும். ஈரப் போர்வை ஒருபக்கம் சேர்ந்துவிட்டால் மெசின் நடக்கத் தொடங்கும். நடந்து கல்லில் இருந்து விழுந்து, தண்ணிக் குழாயையும் இழுத்துப் பிய்த்த மெசினை நான் கண்டிருக்கிறேன். நல்ல காலம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

தூக்குவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். புது மெசின் என்றால் பின்பக்கத்தில் மூன்று நாலு நீள போல்ட் பூட்டியிருக்கும். அது வழியில் உருளை ஆடாமல் இருக்கப் போட்டது. ஓட்டுவதற்கு முதல் கழற்றி, கழற்றினதைப் பத்திரமாக வையுங்கோ, வீடு மாறும்போது திரும்பத் தேவைப்படும். பீடத்தோடு மெசினை எல்லா மூலையிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிறகு கையால் மூலைகளை அமத்திப் பாருங்கோ. ஆடினால் கீழே உள்ள காலை முறுக்கிச் சரிசெய்யுங்கோ. மெசின் உயர்ந்தபடியால் தண்ணிக் குழாய்கள், கழிவுக் குழாய், வயர் எல்லாம் இழுபடாமல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ட்ரையரில் கூடுதல் கவனம். அதன் சூட்டுக்காற்று வெளியே போகிற குழாயும் சேர்ந்து உயரும். குழாய் மடிந்தால் பஞ்சு அடைபட்டு நெருப்புப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் குழாய் இருந்தால் தகட்டுக் குழாயாக மாற்றச் சொல்லுங்கோ. காஸில் ஓடுகிற ட்ரையர் என்றால் கை வைக்கவே வேண்டாம். ஒன்ராறியோவில் அதற்கு அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் வர வேண்டும். "எனக்குத் தெரிஞ்ச பெடியன் செய்வான்" என்ற கதை இதில் வேண்டாம்.

இனி லாச்சி. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

2013 யூலை 8ஆம் திகதி ரொறன்ரோவில் பெருமழை. பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மி.மீ. பதிவானது. அடுத்தடுத்த நாட்களில் நனைந்த மெசின் பார்க்க வீடு வீடாகப் போனேன். ஒரு பேஸ்மென்டில் எங்கள் ஆக்கள், வந்து சில மாதம்தான். தண்ணி அரை அடிதான் ஏறியிருந்தது. மெசின் பீடத்தில் நின்றபடியால் ஒன்றும் ஆகவில்லை, போட்டவுடனே ஓடியது. நான் சந்தோசமாகச் சொன்னேன், அந்த அம்மா அழுதா. லாச்சியைத் திறந்து காட்டினா. கேசுக்கு ஊரிலிருந்து எடுப்பித்த கடிதங்கள், ஆஸ்பத்திரித் துண்டு, பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஊத்தைத் தண்ணிக்குள். பூட்டலாம், பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள் என்று நம்பி வைத்ததாம். ஆஸ்பத்திரித் துண்டில் மை முழுக்கப் போய்விட்டது. வக்கீலிடம் அதன் பிரதி இருந்ததால் கடவுளே என்று தப்பினார்கள்.

ஏன் லாச்சிதான் முதலில் நனையும்? நிலத்து வடிகால் பெரும்பாலும் மெசினுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெருமழையில் தெருக்குழாய் நிரம்பினால் கழிவுத்தண்ணி அந்த வழியாலேயே திரும்பி வரும். 2024 யூலை 16ஆம் திகதியும் ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்டுகளுக்குள் தண்ணி வந்தது.

விசாரணைக்குப் பத்து நாளுக்கு முதலே பிரதிகள் சபைக்குப் போய்விட வேண்டும். சபை கேட்டால் மூலப் பத்திரங்களையும் கொடுக்க வேண்டும். கிராம அலுவலரிடம் இன்னொரு கடிதம் எடுப்பது லேசான வேலையா? பத்திரங்களை ஒரு ஜிப் பைக்குள் போட்டு, உங்கள் தோளுக்கு மேலே உள்ள தட்டில் வையுங்கோ. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வக்கீலுக்கும் அனுப்பிவிடுங்கோ. நனைந்துவிட்டால் எறியாமல், ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தி, அன்றைக்கே வக்கீலுக்குச் சொல்லுங்கோ. தண்ணி நிற்கிற இடத்தில் வயரைக் கழற்ற இறங்க வேண்டாம், கரண்ட் அடிக்கும். வீட்டுக்காரருக்கும் 311க்கும் அறிவியுங்கோ.

லாச்சிக்குள் சோப்புக் கட்டிகளையும் வைக்காதேங்கோ. கலர் கலராக இருக்கிற அந்த உருண்டைகள் சின்னப் பிள்ளைக்கு இனிப்பு மாதிரித் தெரியும், லாச்சியோ அதன் கைக்கு எட்டுகிற உயரம். பழந்துணி, உடுப்புக் கிளிப், அவ்வளவும் போதும்.

தேத்தண்ணி நேரத்தில் நிற்பேன். பழைய பீடம் ஏதும் பார்த்து வைத்திருக்கிறவர்கள், மொடல் நம்பர்ப் படத்தைக் கொண்டு வாங்கோ, காசு கொடுக்க முதல் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.