நோய்க்கும் படிகள் உண்டு

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ குருதி அமுக்கம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் காப்புறுதி பற்றிப் பேசப் போகிறேன். "இவள் எப்போது முகவரானாள்?" என்று என் வகுப்புத் தோழிகள் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பயப்பட வேண்டாம். எந்தக் கம்பனியின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை, படிவமும் கொண்டுவரவில்லை.

இதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. பாரதூரமான நோய் ஒன்று இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "எத்தனை மாதம் லீவு எடுக்கவேணும் டொக்டர்?" என்பார். "பிள்ளையின்ரை சோதனை முடியட்டும், பிறகு ஒப்பரேசன் செய்யலாமோ?" என்பார். வீட்டில் யார் சமைப்பது, கடனை யார் கட்டுவது என்ற கணக்கு அந்த நிமிடமே அவர் மனதில் ஓடத் தொடங்கிவிடுகிறது. மருந்து எழுதத் தெரிந்த எங்களுக்கு அந்தக் கணக்கைத் தீர்க்க வழி தெரியாது.

இந்தக் கணக்குக்கு வழி தேடியவரும் ஒரு வைத்தியரே. 1967 டிசம்பர் 3ஆம் திகதி கேப் டவுன் நகரில் உலகின் முதலாவது மனித இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தவர் கிறிஸ்தியான் பார்னார்ட் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தக் குழுவில் அவருடைய தம்பி மாரியஸ் பார்னார்டும் இருந்தார். இரு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஒரு தாய்க்கு மாரியஸ் நுரையீரற் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்தார். அந்தத் தாய் பிறகு மிகவும் நலிந்த நிலையில் அவரிடம் வந்தபோதும் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தாராம். ஓய்வெடுக்க அவரிடம் பணம் இருக்கவில்லை. இந்தக் கதையை மாரியஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லிவந்தார். இறந்தபின் பணம் தரும் ஆயுள் காப்புறுதி இருக்கிறது, நோயோடு உயிர்வாழ்பவருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து, 1983 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் பாரதூரமான நோய்க் காப்புறுதி பிறந்தது. மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை என்ற நான்குக்கு மட்டுமே அன்று காப்பு இருந்தது.

அந்த முதற் பத்திரங்கள் எளிமையானவை. பட்டியலில் உள்ள நோய் வந்தால் முழுத் தொகை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் வைத்தியம் மாறிவிட்டது. மமோகிராம், ஸ்கான், குருதிச் சோதனை எல்லாம் வந்தபின் நோய்களை மிக ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிறோம். ஒரு சிறு கட்டியை எடுத்துவிட்டு மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்புபவருக்கும், உடல் முழுவதும் நோய் பரவியவருக்கும் "புற்றுநோய்" என்ற ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம். எனவே காப்புறுதிக் கம்பனிகளும் நோயைப் படிகளாகப் பிரிக்கத் தொடங்கின. தென்னாபிரிக்காவின் காப்புறுதித் துறை அந்த நான்கையும் ஏ, பி, சி, டி என நான்கு மட்டங்களாக வகுத்து, எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான வரைவிலக்கணங்களை உருவாக்கியது. சிங்கப்பூரில் ஆரம்ப நிலை, இடைநிலை, கடும் நிலை என்று பிரித்து விற்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காப்புறுதித் தொகை 20 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். முதற் படிக்கு 25 சதவீதம், அடுத்த படிகளுக்கு 50, 75, 100 சதவீதம் என்று பத்திரத்தில் இருந்தால், உங்கள் நோய் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து 5 இலட்சமோ 20 இலட்சமோ கிடைக்கும். நோயின் பெயர் ஒன்றுதான், தொகைதான் வேறு. நான் இன்று சொல்ல வந்ததும் இதுவே: பத்திரத்தை வாசிக்கும்போது நோய்களின் பட்டியலைப் பார்த்து மகிழாதீர்கள். ஒவ்வொரு நோயின் கீழும் உள்ள படிகளை வாசியுங்கள். "நாற்பது நோய்க்குக் காப்பு" என்ற தலைப்பை விட, ஐந்து நோய்க்குச் சரியாக எழுதப்பட்ட படிகள் மேலானவையாக இருக்கலாம்.

மூன்று நோய்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோய். பாற்கான்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப மாற்றத்தை நாங்கள் பூச்சிய நிலை என்போம். பழைய பாணிப் பத்திரங்கள் பலவற்றில் இதற்கு ஒரு சதமும் இல்லை. படிமுறைப் பத்திரத்தில் இது முதற் படியில் இடம்பெறக்கூடும். இது பெரிய நன்மை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டாம் நிலைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை, பல மாத கீமோ, அதன்பின் கதிர்வீச்சு எல்லாம் தேவைப்படலாம். சிலருக்கு ஒரு வருடம் ஊசியும், ஐந்து தொடக்கம் பத்து வருடம் மாத்திரையும் தொடரும். நிலையை மட்டும் வைத்துப் படி போட்டால் அவர் நடுப்படியில்தான் நிற்பார். அவருடைய செலவும் களைப்பும் நடுத்தரமாக இருக்காது. ஆகவே படி தீர்மானிக்கப்படுவது நோயின் நிலையாலா, செய்யப்படும் சிகிச்சையாலா என்று கேளுங்கள்.

இரண்டாவது மாரடைப்பு. குருதியில் ட்ரோபோனின் எவ்வளவு உயர்ந்தது, ஈசிஜியில் என்ன மாற்றம், பின்னர் இருதயம் எவ்வளவு பலத்துடன் இயங்குகிறது என்பவற்றை வைத்துப் படி போடுகிறார்கள். "ஸ்ரென்ட் வைத்தது" என்பது பல பத்திரங்களில் கீழ்ப்படிதான்.

மூன்றாவது பாரிசவாதம். வாய் கோணி, ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிட்டால் அதற்குப் பெரும்பாலும் பணம் இல்லை. அது பெரிய பாரிசவாதத்துக்கான எச்சரிக்கை என்பதால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பது வேறு விடயம். மற்றவர்களுக்கு, நிரந்தரமாக எஞ்சும் குறைபாட்டை வைத்தே படி கணிக்கப்படும். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ காத்திருக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் பணம் மிகவும் தேவைப்படும் முதல் மாதத்தில் அது கையில் வராது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி, கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள். முதற் படிக்குப் பணம் தந்தபின் நோய் முற்றினால் மிகுதி கிடைக்குமா, அல்லது அத்தோடு பத்திரம் முடிந்துவிடுமா? ஒரு நோய்க்குப் பணம் பெற்றபின் வேறொரு நோய் வந்தால் என்ன நடக்கும்? பத்திரம் தொடங்கி எத்தனை நாளுக்குப் பிறகு புற்றுநோய்க் காப்பு ஆரம்பிக்கிறது? கனடாவில் இது பொதுவாக 90 நாட்கள். நோய் கண்டபின் எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும்? கேட்கவே கசப்பான கேள்விதான். ஆனாலும் அங்கே 30 நாள் என்ற நிபந்தனை வழக்கமானது. அவுஸ்திரேலியாவில் இதே காப்புறுதியை "ட்ரோமா" என்பார்கள். பெயரைக் கேட்டு விபத்துக் காப்புறுதி என்று எண்ண வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். பிரஷர் குளிசை குடிப்பதை, தாய்க்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததை மறைத்துவிட்டுப் பதினைந்து வருடம் கட்டுப்பணம் கட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது போன்றது. அதேபோல் வைத்தியசாலைக் கடதாசிகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு விடும்போது தரும் அட்டையில் இரண்டு வரி மட்டுமே இருக்கும். எந்தப் படி என்று தீர்மானிப்பது பயொப்சி அறிக்கை, ஸ்கான் அறிக்கை, குருதிச் சோதனை முடிவுகள். அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

"எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம்தானே?" என்று கேட்கலாம். உண்மை, அது எமது பெரும் சொத்து. ஆனால் முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ மாதக்கணக்கில் போய்வரும் பயணம் இலவசமல்ல. கூடப் போகிறவரின் நாட்சம்பளம் போகிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வார்டில் கிடைக்காததை வெளியே வாங்க எத்தனை வீடுகளில் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போயின என்பதை இங்கிருப்பவர்கள் அறிவீர்கள்.

அடுத்து நான் சொல்வது சிலருக்குக் கோபத்தை ஏற்படுத்தலாம். எங்கள் வீடுகளில் யாருடைய பெயரில் காப்புறுதி இருக்கிறது? "அவர் உழைக்கிறவர், அவருக்குத்தானே வேணும், எனக்கேன்?" என்று படித்த பெண்களே சொல்கிறார்கள். அந்த வீட்டின் அம்மா ஆறு மாதம் படுத்தால் சமையலுக்கு ஆள், பிள்ளைக்கு வான், மாமியாரைப் பார்க்க ஒருவர் என்று எத்தனை சம்பளம் கொடுக்க வேண்டிவரும்? சம்பளம் வராத உழைப்புக்கும் விலை உண்டு. மாரியஸ் பார்னார்டை யோசிக்க வைத்தவரும் ஒரு தாய்தான் என்பதை மறக்க வேண்டாம். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்து ஊரில் உள்ள சகோதரி குடும்பத்துக்குக் கட்டுப்பணம் அனுப்பும் அக்காமாரே, அந்தப் பத்திரத்தில் காப்புறுதி செய்யப்பட்டவர் உங்கள் தங்கையா, தங்கையின் கணவரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலைத்தலம் தரும் காப்பு அந்த வேலையோடு முடிந்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பணத்துக்காகக் கடன் வாங்க வேண்டிய நிலையில் உள்ளவருக்கு, சிறிது சிறிதாகச் சேர்க்கும் வங்கிச் சேமிப்பே முதற் காப்பு. ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் கம்பனி மறுக்கலாம், அல்லது அந்த நோயை விலக்கிவிட்டுத் தரலாம். படிமுறைப் பத்திரம் கட்டுப்பணத்தில் மலிவாகத் தெரிந்தால், மேற்படிக்கு மட்டும் நல்ல தொகை தந்து கீழ்ப்படிகளில் கையை இறுக்குகிறதா என்று பாருங்கள். ஏனென்றால் உரிய நேரத்தில் சோதனை செய்துகொள்ளும் பெண்ணின் நோய் பெரும்பாலும் கீழ்ப்படிகளில்தான் அகப்படும். அங்கே அகப்படுவதுதான் அவருடைய அதிர்ஷ்டமும்.

ஒரு வைத்தியராக மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது இது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், "முதலில் காப்புறுதி எடுப்போம், மூன்று மாதம் கழியட்டும், பிறகு காட்டுவோம்" என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் ஏறும் படி காப்புறுதிப் படி மட்டுமல்ல. அதற்கு எந்தக் கம்பனியும் ஈடு தர முடியாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள். போகாமல் இருப்பவர்களில் எங்கள் பழைய மாணவிகளும் உண்டு.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அவரவர் காப்புறுதிப் பத்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, அதில் உள்ள படிகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் வகுப்புகளில் தாதியர், கணக்காளர், சட்டத்தரணி, வங்கி முகாமையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். புரியாத வரிக்கு விளக்கம் சொல்ல ஒருவராவது இருப்பார். பரீட்சைக்கு முதல்நாள் விடுதியில் கூடியிருந்து படித்தவர்கள் நாங்கள். இதையும் அப்படியே படித்துவிடலாம்.